லேபலில் "சிட்ரிக் அமிலம்" என்று எழுதியதும் நெல்லிரசம் விற்பனை குறைந்துவிட்டது

உப்புவெளி_நெல்லி:

அனைவருக்கும் வணக்கம். நான் உப்புவெளியில் வீட்டிலேயே, நீர் கலந்து குடிக்கும் நெல்லிரசமும் மாம்பழ ஜாமும் செய்து, திருகோணமலை நகரத்துக் கடைகள் சிலவற்றுக்கும் நிலாவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகளுக்கும் கொடுத்து வருகிறேன். முன்பு போத்தலில் பெயரும் தொலைபேசி இலக்கமும் மட்டுமே இருந்தன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் அதைக் கடையில் பார்த்துவிட்டு, உள்ளே சேர்ந்திருப்பவை அனைத்தையும் எழுத வேண்டும் என்று அறிவுறுத்தினார். அது நியாயமென்று எனக்கும் பட்டதால், "நெல்லிச் சாறு, சீனி, நீர், சிட்ரிக் அமிலம் (ஈ330), சோடியம் மெட்டாபைசல்பைட் (ஈ223)" என்று அச்சிட்டேன்.

அதன்பின் போத்தல்கள் தேங்கத் தொடங்கிவிட்டன. ஆட்கள் கையில் எடுத்துப் பார்த்து, வாசித்து, திரும்ப வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். "அமிலத்தையா பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுப்பது?" என்று ஒரு அம்மா கேட்டாராம். செய்முறையில் ஒரு துளியும் மாறவில்லை. முன்பு மகிழ்ச்சியாக வாங்கிச் சென்ற அதே ரசம்தான். இதற்கிடையில், புற்றுநோயைத் தரும் ஈ இலக்கங்கள் என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அதில் 330 தான் முதலிடத்தில் இருக்கிறது. பக்கத்துத் தட்டில் எந்த விபரமும் எழுதாமல் "முற்றிலும் இயற்கையானது" என்று மட்டும் ஒட்டிய போத்தல்கள் விற்றுத் தீர்கின்றன.

என் கேள்விகள் இவை. இந்த இரண்டு பொருட்களும் உண்மையில் தீங்கானவையா? இவை இல்லாமல் ரசம் செய்ய முடியுமா? லேபலிலிருந்து அந்த வரியை எடுத்துவிடலாம் என்று கடைக்காரர் சொல்வதை நான் கேட்க வேண்டுமா?

பழைய_இரசாயனம்:

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: எடுக்க வேண்டாம். அது சட்டத்துக்கு மாறானது என்பதோடு, ஈ223 விடயத்தில் ஒரு சிலருக்கு அது ஆபத்தாகவும் முடியலாம். அதைப் பின்னர் சொல்கிறேன்.

சிட்ரிக் அமிலத்தைப் பற்றி அஞ்சுவதற்கு ஒன்றும் இல்லை. 1784 ஆம் ஆண்டில் ஷீலே என்னும் வேதியியலாளர் எலுமிச்சைச் சாற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். எலுமிச்சைச் சாற்றில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்கு அந்த அமிலமே. நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவும் உணவிலிருந்து சக்தியைப் பெறும் வழியில் அதைத் தானே உண்டாக்கித் தானே செலவழிக்கிறது. இன்று கடைகளில் தூளாகக் கிடைப்பது எலுமிச்சையிலிருந்து வருவதில்லை. அஸ்பெர்கிலஸ் நைகர் என்ற பூஞ்சணத்தைச் சீனிக் கரைசலில் வளர்த்து எடுக்கிறார்கள். முதலாம் உலகப் போரின் இறுதிக் காலத்திலிருந்து நடந்து வரும் முறை அது. கிடைக்கும் மூலக்கூறு எலுமிச்சையில் இருப்பதேதான்.

அப்படியானால் 330 எப்படிப் பட்டியலின் தலைக்கு ஏறியது? 1976 ஆம் ஆண்டில் பிரான்சில் ஒரு துண்டுப்பிரசுரம் கைமாறத் தொடங்கியது. பாரிசுக்கு அருகே வில்ஜுயிப் என்ற ஊரில் புகழ்பெற்ற புற்றுநோய் ஆய்வு நிலையம் ஒன்று உண்டு. அந்தப் பட்டியல் அங்கிருந்து வந்ததாகப் பிரசுரத்தில் எழுதப்பட்டிருந்தது. எல்லாவற்றிலும் கொடிய புற்றுநோய்க் காரணி ஈ330 என்று அது சொன்னது. அந்த நிலையம் தமக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை என்று மறுத்தது. ஆயினும் மக்கள் அதைத் தட்டச்சு செய்தும் பிரதி எடுத்தும் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பரப்பினார்கள். இணையம் இல்லாத காலத்தில் இவ்வளவு நடந்திருக்கிறது. உங்களுக்கு வந்த பட்டியலும் 330 இல்தான் தொடங்குகிறது என்பதைப் பார்க்கும்போது, அது இதே பிரசுரத்தின் வழித்தோன்றல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஈ இலக்கம் என்பது குற்றப் பதிவு இலக்கம் அன்று. ஒரு சேர்பொருள் ஐரோப்பாவில் மதிப்பிடப்பட்டு, இன்ன உணவில் இன்ன அளவு வரை சேர்க்கலாம் என்று அனுமதி பெற்றதற்கான அடையாளம் அது. விற்றமின் சி-க்கு ஈ300. மஞ்சளின் நிறத்துக்கு ஈ100. பொதியிடும்போது ஒட்சிசனைப் பயன்படுத்தினால் அதற்கும் ஓர் இலக்கம் உண்டு: ஈ948.

2009 இல் சோங், ஷ்வார்ஸ் என்னும் இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உலகில் இல்லாத சேர்பொருட்களுக்குத் தாமே பெயர்களை உருவாக்கி, அவற்றுள் எது தீங்கானது என்று மக்களிடம் கேட்டார்கள். உச்சரிக்கக் கடினமான பெயர்களைக் கொண்டவையே அதிகத் தீங்கானவை என்று பதில் வந்தது. அந்தப் பொருட்களைப் பற்றி எவருக்கும் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. நாக்குப் புரளாதது மட்டுமே அச்சத்துக்குக் காரணம். ஆங்கிலம் பேசுவோருக்கே அப்படியென்றால், அந்தப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் கூட்டி வாசிக்க வேண்டியிருக்கும் நம் ஊர் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு_பிள்ளைகளின்_தாய்:

சேர், நீங்கள் பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் இந்த விவாதம் எந்தத் திசையில் போகும் என்று எனக்குத் தெரியும். இன்னும் சற்று நேரத்தில் யாராவது வந்து "நீரும் இரசாயனம்தான், உப்பும் இரசாயனம்தான்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அது கேட்டவரின் வாயை அடைக்கும் பேச்சு. அவர் கேட்டதற்கான பதில் அதில் இல்லை.

என் மூத்த மகனுக்கு இழுப்பு (ஆஸ்துமா) உண்டு. சல்பைட் சேர்ந்த பானங்களையும் உலர்ந்த பழங்களையும் தவிர்க்கும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார். நான் லேபலை வாசிப்பது அறியாமையால் அன்று, வேறு வழியில்லாததால். அந்தப் பெயர்களை நான் சிரமப்பட்டுத்தான் பழகிக்கொண்டேன். சாயங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2007 இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செயற்கைச் சாயங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தைக் குடித்த பிள்ளைகளில் துறுதுறுப்பு சற்றே கூடியதைக் கண்டார்கள். அதன் பின் 2010 முதல் ஐரோப்பாவில் அந்த ஆய்வில் பயன்பட்ட ஆறு சாயங்களைச் சேர்க்கும் உணவுகளில், பிள்ளைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையைக் கட்டாயமாக எழுத வேண்டியிருக்கிறது. டார்ட்ராசின் அவற்றில் ஒன்று. அதற்கும் ஈ இலக்கம் உண்டு: ஈ102. ஆகவே இலக்கம் பெற்றுவிட்டதாலேயே கேள்வி முடிந்துவிடாது.

2013 இல் நியூசிலாந்துப் பால்மாவில் டைசயன்டையமைட் இருக்கிறது என்று கடைகளிலிருந்து அகற்றினார்களே, அது நினைவிருக்கிறதா? ஒரு நாள் விஷம் என்றார்கள், மறுநாள் பயமில்லை என்றார்கள். கைக்குழந்தையோடு இருந்தவர்கள் யாரை நம்புவது? பெயர் பொல்லாதது என்பதற்காக மட்டும் நாங்கள் பயப்படவில்லை. சொல்பவர்கள் மாற்றி மாற்றிச் சொன்னதால் பயப்படுகிறோம்.

பழைய_இரசாயனம்:

தாய் எழுதியதில் சல்பைட் பற்றிய பகுதி முழுவதும் சரி. நான் பின்னர் சொல்கிறேன் என்றதும் அதைத்தான்.

சோடியம் மெட்டாபைசல்பைட் நீரில் கரைந்ததும் கந்தகவீரொட்சைட்டு என்ற வாயுவை வெளிவிடுகிறது. நுரைமம் எனும் ஈஸ்டையும் பூஞ்சணத்தையும் தடுத்து, ரசம் கறுத்துப்போகாமல் காப்பது அதுவே. விவசாயப் பயிற்சிகளில் "எஸ்.எம்.எஸ்." என்று சுருக்கிச் சொல்வார்கள். ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு அது மூச்சிறைப்பைத் தூண்டும். இது வதந்தி அன்று, நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஐரோப்பாவில் ஒரு கிலோவில் 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அதை ஒவ்வாமைப் பொருளாகக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

மற்றவர்களுக்கு எவ்வளவு? உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, வாழ்நாள் முழுவதும் நாளாந்தம் உட்கொண்டாலும் தீங்கில்லை என்று ஏற்கும் அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.7 மில்லிகிராம் கந்தகவீரொட்சைட்டு. இருபது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 14 மில்லிகிராம் ஆகிறது. இப்போது ரசத்தின் ஒரு லீற்றரில் 350 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு ரசத்துக்கு நான்கு பங்கு நீர் சேர்த்து 200 மில்லிலீற்றர் குவளையை நிரப்பினால், அதில் ரசம் 40 மில்லிலீற்றர். அதிலுள்ள கந்தகவீரொட்சைட்டு 14 மில்லிகிராம். ஒரே குவளையில் அந்தப் பிள்ளையின் நாளாந்த எல்லை நிறைந்துவிடுகிறது. அந்த எல்லை பெரும் பாதுகாப்பு இடைவெளியோடு வகுக்கப்பட்டது. வைத்திருக்கும் நாட்களில் ஒரு பகுதி ஆவியாகியும் விடும். ஆகவே ஒரு நாள் இரண்டு குவளை குடித்தால் என்ன ஆகும் என்று நடுங்க வேண்டியதில்லை. ஆனாலும் அளவை நிறுத்துப் போடுவதா, கண்ணளவில் போடுவதா என்பது இங்கே சிறிய விடயம் அன்று.

"அப்படியானால் பென்சோயேட்டுக்கு மாறலாமா?" என்று நெல்லி கேட்கக்கூடும். நெல்லியில் விற்றமின் சி மிகுதி. பென்சோயேட்டும் விற்றமின் சி-யும் ஒரே பானத்தில் சேர்ந்து, அதன்மேல் வெப்பமும் வெளிச்சமும் படும்போது மிகச் சிறிய அளவில் பென்சீன் உண்டாகலாம். 1990 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் குளிர்பானங்களில் இது கவனிக்கப்பட்டது. 2006 இல் மீண்டும் பரிசோதித்துச் சில உற்பத்தியாளர்கள் தங்கள் கலவையை மாற்றினார்கள். நம் ஊர் வெயிலில் கடை முகப்பில் அடுக்கி வைக்கும் நெல்லிரசத்துக்கு அது நல்ல தெரிவு அன்று.

பால்மா விடயம். டைசயன்டையமைட் மேய்ச்சல் நிலத்தில் இடும் ஒரு பொருள். நைதரசன் மண்ணிலிருந்து கழுவுண்டு நீர்நிலைகளுக்குப் போகாமல் தடுப்பதற்காக இட்டார்கள். மிகச் சிறிய எச்சம் பாலில் காணப்பட்டது. அந்த அளவில் உடல்நலத்துக்குத் தீங்கில்லை என்றே நியூசிலாந்து அதிகாரிகள் கூறினார்கள். ஆனால் 2012 செப்டெம்பரில் தெரிந்திருந்த முடிவு 2013 ஜனவரியில்தான் பொதுமக்களுக்கு வெளியானது. என் மதிப்பீட்டில், அந்தப் பொருள் செய்த கெடுதியைவிட இடையிலிருந்த அந்த மாதங்களின் மௌனம் செய்த கெடுதி பெரிது.

கிண்ணியான்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஒரு விடயத்தை இங்கே பிரித்துப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் பகுதியில் ஈ இலக்கங்களைப் பற்றிய பயம் பெரும்பாலும் நஞ்சைப் பற்றியது அல்ல. அது எதிலிருந்து வந்தது என்பதைப் பற்றியது. ஈ471 என்ற கொழுப்புச் சேர்மம் பிஸ்கட்டிலும் ஐஸ்கிரீமிலும் இருக்கிறது. அது பாம் எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். இலக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஈ120 என்ற சிவப்பு நிறம் ஒரு பூச்சியிலிருந்து எடுக்கப்படுகிறது. இதைக் கேட்பது மூடநம்பிக்கை அன்று. மரக்கறி மட்டும் உண்ணும் உங்கள் வீட்டுப் பெரியவர்களும் இதே கேள்வியைக் கேட்க வேண்டியவர்களே.

ஆனால் இந்த நியாயமான கேள்வியின் மேல் ஏறிக்கொண்டு, ஏறக்குறைய எல்லா ஈ இலக்கங்களுமே பன்றிக் கொழுப்பு என்று சொல்லும் செய்தி ஒன்று பல வருடங்களாகச் சுற்றுகிறது. அதில் விற்றமின்களின் இலக்கங்களும் எலுமிச்சை அமிலத்தின் இலக்கமும்கூடச் சேர்ந்திருப்பதை நானே பார்த்தேன். எங்கள் பள்ளிவாசலில் ஒருமுறை இதைப் பேசியபோது, ஹலால் சான்று இருக்கிறதா என்று பார்ப்பதும், இல்லையென்றால் உற்பத்தியாளரிடம் மூலத்தைக் கேட்பதுமே வழி என்று மூத்தவர் ஒருவர் முடித்துவைத்தார். நெல்லி தங்கச்சி, உங்கள் ரசத்தில் உள்ள இரண்டிலும் விலங்குப் பொருள் இல்லை. அதை லேபலில் எழுதினால் எங்கள் பக்கம் நிச்சயம் பயன்படும்.

சூளைப்பாண்:

விறகுச் சூளையில் பாண் சுடுகிறவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் அழுது தீர்த்துக்கொள்கிறேன். "இரசாயனம் இல்லாத பாண் இருக்கிறதா?" என்று கேட்பவர்களே, இரண்டாம் நாள் பாணில் பூஞ்சணம் பூத்தால் சண்டைக்கு வருகிறார்கள். கடற்காற்று அடிக்கும் இந்த ஊரில் கல்சியம் புரொப்பியனேற்று சேர்க்காத பாண் எத்தனை நாள் தாங்கும் என்று அவர்களே சொல்லட்டும். பூஞ்சணம் பூத்த பாகத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்களையும் எனக்குத் தெரியும்.

கோதுமை மாவைப் பற்றி வந்த அலொக்சான் செய்தியை இங்கே யாரும் சொல்லவில்லை. மைதாவில் அது சேர்க்கப்படுகிறது, ஆய்வுகூட எலிகளுக்கு நீரிழிவை உண்டாக்க அதைத்தான் கொடுக்கிறார்கள், ஆகவே பரோட்டா தின்றால் நீரிழிவு வரும் என்று இந்தியாவிலிருந்து கிளம்பிய கதை. சீனக்குடாவில் மாவு ஆலையை வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் அது எவ்வளவு வேகமாகப் பரவியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சேர், இதில் உண்மை எவ்வளவு?

பழைய_இரசாயனம்:

ஆய்வுகூடத்தைப் பற்றிய பகுதி மட்டும் உண்மை. 1943 இல் முயல்களில் அலொக்சான் நீரிழிவை உண்டாக்குவது கண்டறியப்பட்டது. இன்றும் ஆய்வுகூடங்களில் அதற்காகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அங்கே அது அளந்து ஊசியால் செலுத்தப்படுகிறது. மாவில் அதை யாரும் சேர்ப்பதில்லை. மாவை வெளுக்கச் செய்யும் சில முறைகளில் மிக நுண்ணிய அளவில் அது துணைவிளைவாக உண்டாகலாம் என்பதே அந்தக் கதையின் வேர். தவிர, மனிதனின் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்கள் எலியினுடையவற்றைவிட அலொக்சானை மிக நன்றாகத் தாங்குகின்றன. பரோட்டாவை இரவுதோறும் தின்பவருக்கு நீரிழிவு வருமானால், தீட்டிய மாவும் எண்ணெயும் அளவும் உடலுழைப்பின்மையும் அதற்குப் போதும். அலொக்சானை அழைத்து வரத் தேவையில்லை.

கடைத்தெரு_வாசகன்:

இதையெல்லாம் விடுங்கள். கொத்து ரொட்டியில் போடும் அஜினமோட்டோவைப் பற்றியும் "பயமில்லை" என்றுதான் சொல்லப் போகிறீர்களா?

பழைய_இரசாயனம்:

ஆம். 1908 இல் இக்கேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கொம்பு என்ற கடற்பாசியின் சுவைக்குக் காரணமாகக் கண்டறிந்ததே குளுட்டமேற்று. அஜினமோட்டோ அதன் சோடியம் உப்பு. தக்காளியிலும் தாய்ப்பாலிலும் அது உண்டு. 1968 இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றுக்கு ஒரு வைத்தியர், சீன உணவகங்களில் உண்டபின் கழுத்து மரத்துப்போவதாகக் கடிதம் எழுதினார். காரணம் இன்னதாக இருக்கலாம் என்று சில ஊகங்களையும் எழுதினார். அஜினமோட்டோ அவற்றில் ஒன்று. பயம் அங்கே தொடங்கியது. எது அஜினமோட்டோ, எது வெறும் தூள் என்று கொடுப்பவருக்கும் உண்பவருக்கும் தெரியாமல் நடத்திய சோதனைகளில் அந்த அறிகுறிகள் சீராக வெளிப்படவில்லை. வெறும் வயிற்றில் பெரிய அளவில் எடுத்தவர்களில் சிலருக்குச் சற்று நேரம் தலைவலி போன்றவை ஏற்பட்டதுண்டு. அஜினமோட்டோவிலுள்ள சோடியம் நூற்றுக்குப் பன்னிரண்டு. சாப்பாட்டு உப்பில் நூற்றுக்கு முப்பத்தொன்பது.

கடைத்தெரு_வாசகன்:

எனக்கு ஒவ்வொரு முறையும் தலை வலிக்கிறது. உங்கள் சோதனையைவிட என் தலையை நான் நம்புகிறேன்.

பழைய_இரசாயனம்:

வலிப்பதை நான் மறுக்கவில்லை. கொத்து ரொட்டியில் வேறு என்னென்ன இருக்கின்றன என்பதையும், அதை எந்த நேரத்தில் உண்கிறீர்கள் என்பதையும் மட்டும் யோசித்துப் பாருங்கள்.

கொட்பே_கரை:

மீன் பக்கத்தைச் சொல்ல ஒருவரும் இல்லையா? சந்தையில் மீன் வாங்க வருபவர்களில் பாதிப்பேர் செவுளைப் பார்ப்பதற்கு முன் "போமலின் போட்டதா?" என்று கேட்கிறார்கள். போமலின் போடுவது குற்றம், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் நான் கண்ணால் கண்ட கெடுதி வேறு. சூரையைப் படகில் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடத்தி, கரைக்கு வந்தபின் ஐஸில் போட்டு மினுக்கி விற்பார்கள். அதை உண்டவர்களுக்கு அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் தடித்துவிடும். ஊரில் அதை மீன் ஒவ்வாமை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அதே ஆள் அடுத்த வாரம் நல்ல சூரையைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

மீன்பிடித் திணைக்களப் பயிற்சி ஒன்றில் இதற்கு விளக்கம் சொன்னார்கள். சூரை, கும்பளா போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயல்பாகவே நிறைய உண்டு. குளிரில் வைக்காவிட்டால் பற்றீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒருமுறை உண்டாகிவிட்டால் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. குழம்பின் மணத்திலும் தெரியாது. யாரும் எதையும் சேர்க்கவில்லை. லேபலும் இல்லை. "இன்று பிடித்த இயற்கை மீன்" என்று கூவி விற்கலாம்.

தம்பலகாமத்து_வயல்:

இரசாயன மாஸ்டர் எழுதுவதை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் நம் மாவட்டத்து விவசாயி "இரசாயனம்" என்ற சொல்லைக் கேட்டதும் ஏன் முகம் சுளிக்கிறான் என்பதையும் எழுத வேண்டும். பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக நோயால் போன உயிர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். காரணம் இதுதான் என்று இன்றுவரை முடிவாகச் சொல்லப்படவில்லை. களைநாசினி என்றார்கள், 2015 இல் தடை செய்தார்கள், பிறகு தளர்த்தினார்கள். 2021 இல் இரசாயனப் பசளை முழுவதையும் ஒரே இரவில் நிறுத்தினார்கள். அந்த வருடம் முடியுமுன்னே தடையை விலக்கினார்கள், ஆனால் வயல் ஏற்கனவே மஞ்சளித்துவிட்டது. "இயற்கை" என்ற ஒரு சொல்லை வைத்து எடுத்த முடிவுக்கு நாங்கள் கொடுத்த விலை அது. ஆகவே எனக்கு இரண்டு பக்கமும் நம்பிக்கை குறைவு: இரசாயனம் என்றால் நஞ்சு என்பவர்களிடமும், நிபுணர்கள் சொன்னால் கேள் என்பவர்களிடமும்.

அதே 2021 இல், சித்திரைப் புத்தாண்டுக்கு முன் இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்ளடொக்சின் கண்டுபிடித்தார்கள். அதை ஏதோ தொழிற்சாலையில் கலந்த இரசாயனம் என்றே எங்கள் ஊரில் பேசினார்கள். அது பூஞ்சணம் தானாக உண்டாக்கும் நஞ்சு என்று என் மகள் பாடப்புத்தகத்தைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

பழைய_இரசாயனம்:

உங்கள் மகள் சொன்னது சரி. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் இறந்தபோது, அவற்றின் தீனியிலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்து கண்டுபிடித்தது அது. மனிதரில் ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐயமின்றி நிறுவப்பட்டவற்றில் ஒன்று. உண்டாக்குவது அஸ்பெர்கிலஸ் பிளேவஸ். சிட்ரிக் அமிலம் தரும் பூஞ்சணத்தின் உறவுக்காரன். சரியாகக் காயாத கொப்பறாவிலும் கடலையிலும் செத்தல் மிளகாயிலும் அது குடியேறும். எங்கள் வீடுகளில் கசக்கும் கடலையைத் துப்பிவிட்டு அடுத்ததை எடுத்து மெல்கிறோம். அதைப் பற்றி எந்த வாட்ஸ்அப் செய்தியும் வருவதில்லை, ஏனென்றால் கடலைச் சுருளில் ஒன்றும் எழுதியிருப்பதில்லை.

மரவள்ளியும் அப்படியே. அதிலுள்ள லினமரின், கிழங்கு வெட்டுப்படும்போது சயனைட்டை வெளிவிடும். திறந்த பாத்திரத்தில் நிறைய நீரில் அவித்து, அந்த நீரை ஊற்றிவிட நம் பாட்டிமார் பழகியிருந்தார்கள். கிழங்கைப் பொதியிட்டு "லினமரின் உண்டு" என்று எழுதினால் ஒருவரும் வாங்கமாட்டார்கள். எதிர்மாறாக, மேசை உப்புத் தூளில் கட்டிபடாமல் இருக்கச் சேர்க்கும் பொட்டாசியம் பெரோசயனைட்டைப் பார்த்து, உப்பில் சயனைட் என்று அலறுகிறார்கள். அதில் சயனைட் இரும்போடு மிக இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது, வயிற்றில் பிரிவதில்லை. ஐரோப்பிய எல்லை ஒரு கிலோ உப்புக்கு 20 மில்லிகிராம். உலக சுகாதார அமைப்பு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பை உண்ணச் சொல்கிறது. அந்த 5 கிராமில் இந்தச் சேர்பொருள் அதிகபட்சம் 0.1 மில்லிகிராம். கருவாடும் ஊறுகாயும் அப்பளமுமாக நாம் அதைவிட அதிக உப்பைத் தின்று இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்குகிறோம், ஆனால் நம் கோபம் அந்த 0.1 மில்லிகிராமின் மேல்.

இதே கண்ணோடு நெல்லியின் லேபலை மீண்டும் வாசித்துப் பாருங்கள். ஐந்து சொற்கள். அவற்றில் யாரும் பயப்படாத சொல் எது? சீனி. நூறு மில்லிலீற்றர் ரசத்தில் ஐம்பது கிராம் சீனி இருப்பதாகக் கொண்டால், நான் மேலே சொன்ன குவளையில் இருபது கிராம். நான்கு தேக்கரண்டிக்குக் குறையாது. 2016 ஓகஸ்ட் முதல் குளிர்பானங்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளம் இடுகிறார்கள். நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. கரைத்த உங்கள் ரசத்தை அந்த அளவுகோலில் வைத்தால் சிவப்புக்குச் சற்றுக் கீழே நிற்கிறது; பிள்ளைகள் கேட்கும் இனிப்புக்குக் கரைத்தால் தாண்டிவிடும். போத்தலைத் திரும்ப வைத்தவர்களில் ஒருவர்கூட அந்தச் சொல்லுக்காக வைத்திருக்கமாட்டார்.

உப்புவெளி_நெல்லி:

சேர், கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. சீனியைப் பற்றி எழுதியது சற்றுக் குத்தினாலும். புதிய லேபலை இப்படி எழுதியிருக்கிறேன். எல்லோரும் பார்த்துச் சொல்லுங்கள்.

"நெல்லிச் சாறு, சீனி (100 மில்லிலீற்றரில் 50 கிராம்), நீர், புளிப்புக்குச் சிட்ரிக் அமிலம் (எலுமிச்சையில் இருப்பது, ஈ330), பழுதடையாமல் காக்கச் சோடியம் மெட்டாபைசல்பைட் (ஈ223). சல்பைட் உள்ளது: ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்க்கவும். விலங்குப் பொருள் எதுவும் இல்லை. ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர் சேர்க்கவும்."

மெட்டாபைசல்பைட்டைத் தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன். ஆனால் போத்தலில் கடைசியில் எவ்வளவு நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. அதை எங்கே சோதிப்பது?

இரண்டு_பிள்ளைகளின்_தாய்:

இந்த லேபலை நான் நம்புவேன். ரசத்தை என் மகனுக்கு வாங்கமாட்டேன். உங்கள் மாம்பழ ஜாமில் சல்பைட் இல்லையென்றால் அதை வாங்குகிறேன். "இயற்கை" என்று மட்டும் ஒட்டிய அந்தப் பக்கத்துப் போத்தலை இனித் தொடவே மாட்டேன், அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பழைய_இரசாயனம்:

"எலுமிச்சையில் இருப்பது" என்பதை எடுத்துவிடுங்கள். பொய் இல்லைதான், ஆனால் எலுமிச்சை பிழிந்திருக்கிறது என்று வாசிப்பவர் எண்ணிக்கொள்வார். "புளிப்புக்கு" என்பதே போதும். சோதனைக்குக் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழினுட்ப நிறுவகத்துக்கு மாதிரி அனுப்பலாம், கட்டணம் உண்டு. அதற்கு முன் உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அந்தப் பரிசோதகரையே கேளுங்கள். இலங்கையில் இந்த வகைப் பானத்துக்கு அனுமதித்த உச்ச அளவை அவர் எழுத்தில் தருவார். புதிதாகச் செய்த ரசத்தில் ஒரு போத்தலும், ஒரு மாதம் கடையில் நின்ற போத்தல் ஒன்றும் என்று இரண்டை அனுப்புங்கள்.

உப்புவெளி_நெல்லி:

தேங்கிக் கிடப்பவற்றில் ஒன்று இருக்கிறது. அதையே அனுப்புகிறேன். அக்கா, ஜாமில் சல்பைட் இல்லை. சீனி மட்டும் நிறைய உண்டு.